என் போட்டோ இல்லாமல் போன மெயில்

மூன்று வருடத்துக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில் ஆரம்பித்துத் தையில் முடிந்த சங்கதி இது. நடந்த இடம் திருச்செங்கோடு, எங்கள் பட்டறை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. பதினைந்து வயதில், ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் வண்டியில் குழாய் தூக்க ஏறினேன். ராஜஸ்தான் மணலும் பார்த்திருக்கிறேன், சத்தீஸ்கர் காடும் பார்த்திருக்கிறேன். சேர்த்த காசில், இரும்பைக் கடைகிற பழைய லேத்து ஒன்று வாங்கி பிட்டு செய்ய ஆரம்பித்தேன். போர் வண்டியின் குழாய் முனையில் மாட்டி, பாறையைக் குடைகிற இரும்புத் தலைக்குப் பேர்தான் பிட்டு. அதன் முகத்தில் கெட்டியான உலோகக் குமிழ்களை வரிசையாகப் பதித்திருப்போம். அதைப் பட்டன் என்போம். இன்று என்னிடம் நாலு லேத்து, ஒன்பது ஆள். தேய்ந்த பிட்டை ஒரு தடவை திருப்பிப் பார்த்தால் போதும், அது குடைந்தது என்ன கல்லு, ஓட்டினவன் அவசரக்காரனா நிதானக்காரனா என்று சொல்லிவிடுவேன். இதில் எனக்கு இணை இந்த வட்டாரத்தில் இன்னும் பிறக்கவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எங்கள் தொழிலில் மழைக்காலம் என்றால் படுத்துவிடும். வடக்கே போன வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பி வரிசையாக நின்றுவிடும். பிட்டு யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நாலு மாதம் பாதி ஆட்களைத் தறிக்குப் போகச் சொல்லி அனுப்பிவிடுவது வழக்கம். திரும்பி வருகிறவன் வருவான், வராதவன் தறியிலேயே நின்றுகொள்வான்.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு வேன் பிடித்து எல்லாரையும் ஜேடர்பாளையம் காவிரிக்குக் கூட்டிப் போனேன். குளித்து, மீன் சாப்பிட்டு, மணலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் லேத்துக்காரர்களில் மூத்த பெரியவர், முதல் நாளிலிருந்து என்கூட இருப்பவர், ஒரு காது சரியாகக் கேட்காது, என் பக்கம் நகர்ந்து வந்தார்.

"ஏனுங்க, இந்த வருசமும் தறிக்குப் போகோணுமுங்களா? இந்த வயசுல என்னைய எந்தத் தறியில சேர்ப்பாங்க?"

வயிறு நிறைய மீன் இருந்ததா, வாயும் நிறைந்துவிட்டது. எழுந்து நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தை பிறக்கிற வரைக்கும் ஒருத்தரையும் ஊட்டுக்கு அனுப்ப மாட்டேன், இது என் வாக்கு என்று. எல்லாரும் கை தட்டினார்கள். வேனில் திரும்பும்போதுதான் வேலைக்கு எங்கே போவது என்ற யோசனை வந்தது.

சத்தீஸ்கரில் வண்டி வைத்து, மழைக்கும் அங்கேயே தங்கிவிடும் என் மகன், கண்காட்சிகளுக்குப் போய் விசிட்டிங் கார்டாக வாங்கி ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு வைத்திருந்தான். முந்நூறுக்கு மேல் இருக்கும். பாதி ஆப்பிரிக்கா பக்கத்துக் கார்டு. நமக்கு மழை என்றால் அங்கே பல ஊரில் வெயில்காலம், போர் போடுகிற காலம். அவர்களுக்கு மெயில் போடலாமே என்றாள் மருமகள். பெங்களூரில் கம்பெனி வேலை பார்த்துவிட்டு வந்த பெண். மெயில் எழுதுவதுதான் அங்கே அவளுக்கு வேலையே.

"நீ அனுப்பு சாமி. என்ன எழுதறதுன்னு நான் சொல்றேன்" என்றேன்.

சொன்னேன். நேராக பிளெக்ஸ் அடிக்கிற கடைக்குப் போய், மெயிலுக்கு ஒரு படம் போட்டு வாங்கி வந்தேன். மேலே மலைக்கோயில் சாமி. நடுவில் வெள்ளைச் சட்டையில் கை கூப்பியபடி நான். ஒரு பக்கம் போர் வண்டி, மறுபக்கம் சீறுகிற புலி. கீழே "பாறைகளின் எமன்" என்று பட்டம், அதை இங்கிலீஷிலும் போட்டாயிற்று. கையோடு பெரிதாக ஒன்று அடித்து பட்டறை வாசலிலும் கட்டினேன். படத்துக்குக் கீழே நான் எப்படிக் குழாய் தூக்கினேன், எப்படி முன்னுக்கு வந்தேன் என்று இரண்டு பக்கம் சொல்ல, அவள் டைப் அடித்தாள்.

"மாமா, இதுல புலி எதுக்குங்க?"

"வேகத்துக்கு சாமி."

"படிக்கறவருக்கு இதுல என்னங்க இருக்குது?"

"நான் இருக்கறனே."

அனுப்பிவிட்டாள்.

அனுப்பிய மெயிலை யார் திறந்தார்கள் என்று கம்ப்யூட்டரே காட்டிக் கொடுக்குமாம். மறுநாள் கேட்டேன். பதினோரு பேர் திறந்திருப்பதாகச் சொன்னாள். பரவாயில்லையே என்றேன்.

"அதுல நாலு பேரு நாமதானுங்க மாமா. நீங்க, நான், உங்க பையன், எங்கப்பா."

பதில் ஒன்றுகூட இல்லை. நான் கலங்கவில்லை. நம்ம பக்கம் கல்யாணம் என்றால் எப்படி? பத்திரிகையை நேரில் போய் வைப்போம். அப்புறம் ஒரு போன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மறுபடியும் ஒரு போன். ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டால், "ஒப்புக்குக் கூப்பிட்டாங்க" என்று கோபித்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்பக் கூப்பிடுவதுதான் மரியாதை. அதே கணக்கில் பத்து நாளில் நாலு தடவை அனுப்ப வைத்தேன். நாலு தடவையும் சாமி, புலி, நான். மருமகள் ஒவ்வொரு தடவையும் வேண்டாம் என்றாள். கல்யாணம் செய்து வைத்தவனுக்குத் தெரியாதா உனக்குத் தெரியுமா என்று வாயை அடைத்துவிட்டேன்.

நாலாவது மெயிலுக்குப் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டுக் கூடத்தில் எல்லாரும் இருந்தோம். சத்தமாகப் படி என்றேன். அப்புறம் படிக்கிறேன் என்று இழுத்தாள். விடவில்லை. ஆப்பிரிக்காவில் ஒரு போர் கம்பெனி வைத்திருப்பவர் எழுதியது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"உங்கள் போட்டோவை நாலு முறை பார்த்துவிட்டேன். இங்கே எனக்குப் பிட்டு ஒரு போரைத் தாண்டவில்லை. அந்த எரிச்சலில் இருக்கிறேன். தயவுசெய்து இனிமேல் அனுப்பாதீர்கள்."

என் சம்சாரம்தான் முதலில் வாயைத் திறந்தாள். "நாலு வாட்டி பார்த்ததுக்கே அந்த மனுசன் இந்தப் பாடு படறான். நான் முப்பத்தெட்டு வருசமாப் பார்த்துட்டிருக்கறேன், எனக்கு யாரு மெயில் போடறது?"

மருமகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் சிரித்தது எனக்குப் பெரிதில்லை. ஆவணி முடியப் போகிறது, பட்டறையில் இரண்டு லேத்து துணி போட்டு மூடிக் கிடக்கிறது. பெரியவர் தினமும் வந்து, ஓடாத லேத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டுவிட்டால்கூடப் பரவாயில்லை போலிருந்தது.

மறுநாள் காலையில் உள்ளூர் வண்டி ஓட்டுகிற ஒருத்தர் சாக்கில் தேய்ந்த பிட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மருமகளும் ஏதோ பில் எடுக்க வந்து அங்கே நின்றிருந்தாள். நான் வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து பிட்டைத் திருப்பினேன். எத்தனை அடி போச்சு, என்ன கல்லு, தண்ணி வந்த பிறகும் ஓட்டினீங்களா என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார், அரைமணி நேரம் நிறுத்தவே இல்லை. போகும்போது இரண்டு புதுப் பிட்டு எடுத்துப் போனார்.

அவர் போனதும் மருமகள் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க மாமா, இவருகிட்ட உங்க போட்டோவக் காட்டவே இல்லீங்களே?"

"தேஞ்ச பிட்டோட வந்து நிக்கறவன்கிட்ட போட்டோவக் காட்டுவாங்களா அம்மிணி" என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பாதியில் நின்றுவிட்டேன்.

அவள் பில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கெட்டிக்காரி.

எனக்கு இப்போதும் ஆச்சரியமாக இருக்கிறது. முப்பது வருடமாக என் பட்டறை வாசலில் யார் வந்தாலும் முதலில் அவர்கள் பிட்டைத்தான் கேட்டிருக்கிறேன். அதனால்தான் வியாபாரமே வளர்ந்தது. மெயில் என்று வந்ததும் அது மறந்து, கல்யாண மண்டப வாசல் பிளெக்ஸ் மாதிரி நின்றிருக்கிறேன். அந்த ஆள் கோபத்திலும் தன் பிட்டைப் பற்றித்தானே சொல்லியிருந்தார்? ஒரு போரைத் தாண்டவில்லை என்று. அது என் காதில் விழவே இல்லை. போட்டோவைப் பற்றிச் சொன்னது மட்டும்தான் விழுந்தது.

அன்று சாயங்காலமே அவருக்கு எழுத வேண்டும் என்றேன்.

"வேண்டாம்னு சொன்னவருக்குத் திரும்ப அனுப்பறது தப்புங்க மாமா."

"மன்னிப்புக் கேக்க ஒண்ணே ஒண்ணு. அதோட நிறுத்திக்கலாம் சாமி."

யோசித்துச் சரி என்றாள். பேசுகிற மாதிரியே சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறேன் என்றாள். சொன்னேன்: "நாலு தடவை தொந்தரவு செய்ததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் பெயரை எடுத்துவிட்டோம். பிட்டு ஒரு போரைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஓரத்துப் பட்டன் தேய்கிறதா, நடுப் பட்டனா? தேய்ந்த பிட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். எங்களிடம் வாங்க வேண்டும் என்று இல்லை." அவ்வளவுதான். அதன் தலைப்பில்கூட என் பேரோ தரமோ இல்லை. "உங்கள் தேய்ந்த பிட்டு பற்றி" என்று போட்டாள்.

இரண்டாம் நாள் ஆறு போட்டோ வந்தது. எழுத்து ஒரு வரிகூட இல்லை, வெறும் போட்டோ. கூடத்து டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்தேன். சீரியல் பார்க்க முடியாமல் என் சம்சாரமும் சேர்ந்து பிட்டு பார்த்தாள். நடுப் பட்டன் எல்லாம் நன்றாக இருக்கிறது. ஓரத்துப் பட்டன்கள் மட்டும், அதுவும் சுற்றுகிற திசைப் பக்கமாகவே வழித்துவிட்ட மாதிரி தேய்ந்திருக்கின்றன. எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. பிட்டில் குற்றமே இல்லை. ஓட்டுகிறவர் தேவைக்கு மேல் வேகமாகச் சுற்றுகிறார். கெட்டிக் கல்லில் அப்படிச் சுற்றினால் எமனே வந்தாலும் தேய்வான்.

மகனிடம் போனில் சொன்னேன். அவன் தொழில்காரன், அவன் கேட்டதும் நியாயம்தான். "அப்பா, மெதுவாச் சுத்தச் சொன்னா அந்தப் பிட்டே நல்லா நிக்கும். அப்புறம் நம்மகிட்ட எதுக்கு வாங்கறாரு? எங்க பிட்டு வாங்கிப் பாருங்கன்னு எழுதுங்க, முடிஞ்சுது."

அன்று மாலை முழுக்க அது மனதில் உழன்றது. பெரியவர் முகம் முன்னால் வந்து வந்து போனது. வாக்குக் கொடுத்தவன் நான். ஆனால் தேய்ந்த பிட்டைப் பார்த்துப் பொய் சொன்னதில்லை என்பதும் நான் முப்பது வருடமாகக் காப்பாற்றி வந்த ஒன்று. கடைசியில், உள்ளதை உள்ளபடி எழுது என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். வேகத்தைக் குறையுங்கள், பட்டன் மழுங்க ஆரம்பித்ததுமே கழற்றிச் சாணை பிடியுங்கள், இப்போது இருக்கிற பிட்டே போதும் என்று.

ஒரு வாரம் போனது. பதில் இல்லை. இன்னொரு வாரம் போனது. புரட்டாசியும் பாதி வந்துவிட்டது. நான் பெரியவரைப் பார்ப்பதைத் தவிர்த்து, பட்டறையின் பின்வாசலால் போய் வர ஆரம்பித்தேன். சொந்தப் பட்டறைக்குள் திருடன் மாதிரி.

அப்புறம் ஒரு காலையில் மருமகள் போனைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. அந்த ஆப்பிரிக்காக்காரர் எழுதியிருந்தார். ஒரு போரைத் தாண்டாத பிட்டு இப்போது நாலாவது போரில் ஓடுகிறதாம். பிட்டு விற்க வந்தவர்கள் எல்லாரும் வாங்கத்தான் சொன்னார்கள், வாங்காதே என்று சொன்ன ஆளிடம்தான் இனி வாங்குவேன் என்று எழுதியிருந்தார். தன் நாலு வண்டிக்கும் பிட்டு கேட்டிருந்தார். பக்கத்தில் போர் போடும் இரண்டு நண்பர்களுக்கும் எங்கள் விலாசம் கொடுத்திருந்தார்.

பெரியவர் காதருகில் போய்ச் சத்தமாகச் சொன்னேன். அவர் நிதானமாக எழுந்து, லேத்தின் மேல் கிடந்த துணியை உருவி மடித்து வைத்தார்.

"துணிய எங்கீங்க வெக்கறது? இனி அடுத்த ஆடிக்குத்தான வேணும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் லேத்தைச் சரிபார்ப்பது போலத் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகு செருப்புப் பெட்டியில் இருந்த மற்றவர்களுக்கும் ஒரே ஒரு மெயில் போட்டோம். புலியும் இல்லை, நானும் இல்லை. உங்கள் தேய்ந்த பிட்டின் போட்டோ அனுப்புங்கள், ஏன் தேய்ந்தது என்று சொல்கிறோம், வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எழுத மாட்டோம் என்று மட்டும். முப்பதுக்கு மேல் பதில் வந்தது. கூடத்து டிவியில் சீரியல் ஓடி வெகுநாள் ஆகிவிட்டது என்று என் சம்சாரம் இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். தை பிறந்தது. ஒன்பது பேரும் பட்டறையில்தான் பொங்கல் வைத்தார்கள்.

வாசலில் கட்டியிருந்த பிளெக்ஸைக் கழற்றி, பின்னால் கிடக்கிற தேய்ந்த பிட்டுக் குவியலை மழையில் நனையாமல் மூடி வைத்திருக்கிறோம். கை கூப்பியபடி அதற்குக் காவல் இருக்கிறேன். பெருமை பேசுவதை நான் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள், இவ்வளவு நேரம் அதைத்தானே செய்தேன். ஆனால் யாருக்காவது எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும், எத்தனை அடி போச்சு, என்ன கல்லு என்று அவரிடம் கேட்ட பிறகுதான் என் பேரைச் சொல்லவே எனக்கு வாய் வருகிறது.