ஈரலும் வால்கொழுப்பும்

இரைப்பையின் வாயை இறுக்கித் தைத்த அறுவை சிகிச்சை முடிந்து பதினோராம் நாள். தராஸ் நகரத்து வீட்டில் கூடத்துக்கும் வாசலுக்குமாக ஓரின்பெக் நடந்துகொண்டே இருந்தார். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவர்; சாப்பாட்டை நின்றபடி அள்ளிப் போட்டே நெஞ்செரிச்சலைச் சம்பாதித்தவர். இப்போது எரிச்சல் போய்விட்டது. பதிலுக்கு வயிறு கும்மென்று உப்பிக்கொண்டது. ஏப்பமோ வரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"ஒரு மாசம் கஞ்சி, சூப், மசிச்சதுதான். இறைச்சி, ரொட்டி தொட்டீங்கன்னா நெஞ்சுல அடைச்சுக்கும்" என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

இன்றைக்கென்று பார்த்து மகள் மோல்திரைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி, ஆட்டின் ஈரலையும் வால்கொழுப்பையும் சம்பந்திகள் ஒருவருக்கொருவர் ஊட்டினால்தான் கல்யாணம் உறுதி. வாங்க மறுத்தால் பெண் கொடுக்க மனமில்லை என்று அர்த்தம்.

"ஆபரேஷன் விஷயத்தை அவங்ககிட்ட முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னங்க?" என்றாள் மனைவி குல்யாஷ்.

"சீக்காளி வீட்டுப் பொண்ணு வேணாம்னு போயிட்டா? நீ சும்மா இரு. ஒரு துண்டுதானே, முழுங்கிடறேன்."

வந்தார்கள். தட்டும் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சதிபால்டி, தாராள மனசுக்காரர், கட்டை விரல் கனத்துக்கு ஒரு துண்டு எடுத்து ஓரின்பெக்கின் வாயில் திணித்தார். ஓரின்பெக் மென்றார், மென்றார், கன்னத்தில் ஒதுக்கினார். விழுங்கத்தான் பயமாக இருந்தது. நெற்றி வியர்த்தது.

"என்ன சம்பந்தி, என் கையால ஊட்டினது இறங்கலையா?" சிரித்தபடிதான் கேட்டார் சதிபால்டி. ஆனால் கூடத்தில் எல்லோரும் ஓரின்பெக்கின் வாயையே பார்த்தார்கள்.

ஓரின்பெக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கப் போனார்.

"அப்பா, வேணாம்!" தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மோல்திர் கத்திவிட்டாள். "அவருக்கு ஆபரேஷன் ஆகி பதினோரு நாள்தான் ஆகுது. அடைச்சுக்கிட்டா வாந்திகூட எடுக்க முடியாது. கல்யாணம் நின்னா நிக்கட்டும்!"

ஓரின்பெக்குக்கு மானம் போயிற்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சதிபால்டி முறைத்தார். பிறகு முழங்காலால் நகர்ந்து வந்து, அவர் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினார்.

"துப்பும்யா. எனக்குச் சம்பந்தி வேணும், பொணம் வேணாம்."

ஓரின்பெக் துப்பினார். சதிபால்டி சூப் கிண்ணத்தை இழுத்து, ஒரு கரண்டி எடுத்து ஊதி ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனார்.

"மெதுவா குடியும். நாங்க காத்திருக்கோம்."