ஒன்றுகூடலுக்கு வந்த ஆறு

ஆற்றங்கரையில் ஒன்றுகூடல் வைப்போம் என்று சொன்ன மடையன் நான்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? எங்களிடம் கிணறு இருந்தது, கடல் இருந்தது. இரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தண்ணீர் தானாக எழும்பி ஆளைத் தேடி வரும் என்று எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. ஆனாலும் பழைய மாணவர் சங்கச் செயலாளர் என்ற பெரிய பதவியில் இருந்தபடியால், புலம்பெயர்ந்து வந்த நகரத்தின் ரூஜ் ஆற்றோரப் பூங்காவில் ஆகத் தாழ்வான, ஆகப் பச்சையான புல்வெளியைத் தெரிவு செய்தேன். அது ஏன் அவ்வளவு பச்சை என்று யோசிக்கவில்லை.

அன்று மனைவியின் காரில் போனோம். நாலாவது தடவையில் ஓட்டுநர் சோதனையில் சித்தியடைந்து, சொந்த உழைப்பில் அவள் வாங்கிய முதல் கார். வந்து மூன்று கிழமைதான். சீற்றில் பொலித்தீன் உறைகூடக் கழற்றவில்லை. நண்டுச் சட்டியை மடியில் வைத்திருக்க வேண்டியிருந்ததால் மட்டும் என்னை ஓட்ட விட்டாள்.

பூங்கா மேட்டில் காரை விட்டு இறங்கும்போது சொன்னாள்: "கார் இஞ்சயே நிக்கட்டும். கீழ கொண்டு போகாதேங்கோ."

"ஓம், ஓம்," என்றேன். அவள் தலை மறைந்ததும், கூழ்க் கிடாரத்தைச் சுமக்கப் பஞ்சிப்பட்டு, காரை நேரே ஆற்றங்கரைக்கு இறக்கினேன்.

மத்தியானம், பனங்கிழங்கு மாவும் நண்டும் போட்ட ஒடியல் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. வானத்தில் மருந்துக்கும் மேகம் இல்லை. வடக்கே ஸ்ரௌவ்வில் ஊரில் இருந்து மச்சான், மனைவியின் தம்பி, போன் எடுத்தான்.

"அத்தான், இஞ்ச விடியத் தொடக்கம் அடிச்சு ஊத்துது. றோட்டெல்லாம் வெள்ளம். நீங்கள் கவனம்."

"உது உன்ர மழையடா, நீயே வைச்சிரு. இஞ்ச நல்ல வெயில்!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு போதாமல், மேட்டுக்குப் போய், மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடமும் அதே பகிடியை விட்டேன். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தாள். நான் திரும்பி வந்து, மூன்றாவது தடவையாக அதே பகிடியைச் சொல்லிக்கொண்டு கூழைத் துழாவினேன்.

அரை மணித்தியாலத்தில் ஆறு தேத்தண்ணி நிறத்துக்கு மாறியது. பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரை தானாக நடந்தது. என் செருப்புகளும் அதோடு கூடிப் போயின. எல்லாருடைய போன்களும் ஒரே நேரத்தில் அபாய எச்சரிக்கையில் அலறின. "எல்லாரும் மேல வாங்கோ!" என்று மேட்டிலிருந்து மனைவி கத்தினாள். எல்லாரும் ஓடினார்கள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, துவாயால் கிடாரத்தின் காதைப் பிடித்தேன். தண்ணீர் இடுப்பளவு வந்ததும் கிடாரம் ஒய்யாரமாக மிதந்தது. பின்னால் நானும்.

மீட்புப் படை வந்தது. கயிறு எறிந்தவள் எங்கட தமிழ்ப் பிள்ளை ஒருத்தி.

"அங்கிள், கிடாரத்தை விடுங்கோ! ரோப்பைப் பிடியுங்கோ!"

"பிள்ளை, இதுக்குள்ள நண்டு கிடக்கு!"

"அங்கிள், சீரியஸ்லி?"

ஒரு கையில் கயிறு, மறு கையில் கூழ். அப்படியே இழுத்துக் கரை சேர்த்தார்கள். "இந்த வெயிலுக்குள்ள எப்பிடிப் பிள்ளை வெள்ளம்?" என்று கேட்டேன்.

"மேல ஸ்ரௌவ்வில் பக்கம் பெய்த ரெயின்தான் அங்கிள். போன வீக் பெய்ததிலயே மண் ஊறிக் கிடந்தது. மிச்சமெல்லாம் புது வீடு, புது றோட். தண்ணி ஊற இடமில்லை, நேர ரிவருக்குத்தான் வரும்."

போன மாதம்தான் மச்சானின் தார் போட்ட முற்றத்தைப் பார்த்து, "ஒரு புல்லும் இல்லை, என்ன வடிவு!" என்று மெச்சியிருந்தேன்.

அப்போதுதான் கார் நினைவுக்கு வந்தது. அது நின்ற இடத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. 'உன்ர காரை ஆறு கொண்டு போட்டுது' என்று எப்படிச் சொல்வது? நாலு விதமாக ஒத்திகை பார்த்தபடி மேடேறினேன்.

மேட்டில், மரநிழலில், ஒரு சொட்டுச் சேறில்லாமல் கார் நின்றது. உள்ளே மனைவி. என் பகிடியைக் கேட்ட கையோடு கைப்பையில் இருந்த காரின் மற்றத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கி, என் முதுகுக்குப் பின்னாலேயே காரை ஏற்றியிருக்கிறாள். நான் கூழோடு கதைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சந்தோசத்தில் கண்ணாடியைத் தட்டினேன். அரை அங்குலம் இறங்கியது. என் தலையில் சேறு, சட்டைப்பையில் ஒரு நண்டுக் கால்.

"இஞ்சேரும், ஏறட்டே?"

என்னைப் பார்த்தாள். பொலித்தீன் போட்ட சீற்றைப் பார்த்தாள்.

"நடந்து வாங்கோ."