ஃபிரிட்ஜில் வைத்த ஆலங்கட்டி

போன செவ்வாய்க்கிழமை ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கார்ல்ஸ்ரூஹே ஊரில் ஆலங்கட்டி மழை. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் பருமன்! நான் கட்டிலுக்கடியில் நுழையாத குறை.

மழை விட்டதும் வீட்டுக்காரி ஹில்டா மாடியேறி எங்கள் போர்ஷனுக்கு வந்தாள். கையில் கிண்ணம், அதில் நாலு ஆலங்கட்டி. கூரை ஓடெல்லாம் தூளாம். இன்ஷூரன்ஸ்காரர் வந்தால் காட்ட வேண்டுமாம். அவள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்பதால் எங்களுடையதில் ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டுமாம். இங்கே ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் என் மகன் ராஜுதான் மொழிபெயர்த்தான். நான் தலையை ஆட்டினேன். எனக்கு ஜெர்மன் தெரியாது. தெரிந்தாலும் மறுக்க வாய் வந்திருக்காது...

அன்றைக்குப் பார்த்துத்தான் வேதாரண்யத்திலிருந்து தங்கை கமலாவின் கடிதம். போன புயலில் ஓடு பறந்த வீட்டுக்கு இன்னும் கீற்றுதான். "மனு கொடுத்துக் கொடுத்துக் கால் தேஞ்சுபோச்சுக்கா. அடுத்த மழைக்குத் தாங்காது" என்று எழுதியிருந்தாள்.

ஹில்டா கூரைக்கு மட்டும் யோகமா? வயிறு எரிந்தது. உங்களிடம் மறைப்பானேன்?

வியாழக்கிழமை ராஜு மோர் கேட்டான். அந்த நாலையும் அதில் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறதியா என்கிறீர்களா? பாதி மறதி.

மறுநாளே இன்ஷூரன்ஸ்காரர் வந்து நின்றார்.

"அம்மா, அந்தக் கிண்ணம் எங்கே?"

"நீதானேடா நேத்து குடிச்சே!"

ராஜு தயங்கித் தயங்கிச் சொன்னான். ஹில்டா முகம் சிவந்துவிட்டது. இன்ஷூரன்ஸ்காரரோ விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஊருக்கே விழுந்ததுக்குச் சாட்சி எதுக்கு? ருசியா இருந்துதா?"

ராஜு விவரம் சொன்னான். இந்த மாநிலத்தில் சட்டமே இருக்கிறதாம். எல்லா வீடும் இன்ஷூரன்ஸில் சேர்ந்தே ஆக வேண்டும். முன்பு தீக்கு மட்டும் இருந்ததாம். பிறகு சட்டத்தைத் திருத்திப் புயலையும் ஆலங்கட்டியையும் சேர்த்தார்களாம். ஊரெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கட்டுகிறது, இடிந்த வீடு எழுந்துவிடுகிறது. அவ்வளவுதான். அஞ்சாங்கிளாஸ் படித்த எனக்கே புரிகிறது — நம் சட்டசபையில் இருப்பவர்களுக்குப் புரியாதா? கடலோர வீடுகளுக்காவது இப்படி ஒன்று போடக் கூடாதா?

திங்கட்கிழமை ஹில்டா கூரையில் ஆட்கள் ஏறிவிட்டார்கள். புது ஓடு சிவப்பாக மின்னுகிறது. தெருவில் நின்று பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வருகிறது.

கமலாவுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். அந்தக் கூரையைப் பற்றி ஒரு வரி எழுதினேன்... அடித்துவிட்டேன். ஒழுகுகிற வீட்டில் இருப்பவளுக்கு இந்த எரிச்சல் வேறு எதற்கு?

அவள் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் உங்களிடம் சொல்லிவிட்டேன்!