மண்டபத்துப் பவளத்தின் நிறம்

ராமேஸ்வரம் கடைத்தெருவில் வெள்ளைக் கல் ஒன்றை வாங்கி வந்து, அதற்குள் பாசி வாழ்ந்தது என்று நான் பள்ளிக்கூடத்தை ஏமாற்றியதாக ஆம்பூரில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அது மண்டபத்துக் கடலில் எடுத்தது. எடுத்தபோது அதன் நிறம் பழுப்பு. நான் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

1955 பிப்ரவரியில் கிளம்பினேன். முப்பது வருடம் இயற்கைப் பாடம் நடத்தியும் உயிருள்ள பவளத்தைப் பார்த்ததில்லை என்பது எனக்கே பொறுக்கவில்லை. வேலூர் கன்டோன்மெண்டிலிருந்து விழுப்புரம். அங்கே வண்டி மாறி மண்டபம். மூன்றாம் வகுப்புப் பலகையில் இடுப்பு விட்டுப்போகும், தலையணை அவசியம். துணைக்கு வந்தவர், காலஞ்சென்ற என் கணவரின் தோல் மண்டியைப் பார்த்துக்கொள்ளும் கௌஸ் பாய்.

படகுக்கு மூன்று ரூபாய். காற்று எழுமுன், காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். கரையிலிருந்து ஒரு மைல். அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் அழுத்திப் பார்த்தேன். பழுப்பும் பச்சையுமாகப் படர்ந்திருந்தது. பவளம் ஒரு பிராணி; ஆனால் அந்த நிறம் அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது. வெயிலைக் கொண்டு அவை சமைப்பதில்தான் பவளத்துக்கும் சாப்பாடு.

படகோட்டி எடுத்துக் கொடுத்த கையளவு துண்டைக் கடல்நீர் வாளியில் வைத்துக்கொண்டு திரும்பினோம். விழுப்புரத்தில் அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் வாளி காலி. பவளத்துக்கு உப்பைப் பூசி, கோணியில் சுருட்டி வைத்திருந்தார் கௌஸ் பாய்.

“என்ன பண்ணீங்க பாய்?”

“நாத்தம்மா. பக்கத்துல இருக்கறவன் மூக்கைப் பிடிச்சிக்கினு திட்றான். உப்பு போடாம எந்தத் தோலும்மா ஊர் வந்து சேர்ந்துக்குது?”

“இது தோல் இல்லை. உயிர்.”

“தோலும் உயிரோட இருந்ததுதானேம்மா? ஜாஸ்தி கோவப்படாதீங்க.”

வீட்டில் கழுவியபோது சதை வழிந்தோடி, சுண்ணாம்புக் கூடு மட்டும் மிஞ்சியது. “எம்மாம் சுத்தமா வெளுத்துக்கிச்சு பாருங்கம்மா!” என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

அதைப் பள்ளி அலமாரியில் வைத்து, பாசியைப் பற்றி நான் எழுதி ஒட்டிய விளக்கத்தைத் தலைமையாசிரியை எடுத்துவிட்டார். வெள்ளைக் கல்லுக்குக் கீழே இப்படி எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்களாம். கௌஸ் பாய் என் சம்பளத்தில் இருப்பவர். அவர் சாட்சி செல்லாதாம். கண்ணால் கண்ட வேறு யாராவது எழுதித் தந்தால் மறுபடி ஒட்டலாம் என்றார்.

இன்னொரு முறை போய்வர என் உடம்பில் தெம்பில்லை. போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுபோங்கள். அங்கே கிணற்றுநீர் கரிக்கிறது. பவளத்தைப் பிடுங்காதீர்கள், இருக்கும் இடத்திலேயே பாருங்கள். என்ன நிறத்தில் பார்த்தீர்கள் என்பதை ஒரு கார்டில் எழுதி, கையெழுத்திட்டு, இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள்.