மூணாவது பீஸ் கட்டை

பேய், பிசாசுன்னா சிரிக்கிற ஆளு தம்பி நான். கரண்டு கம்பம் ஏறிப் பொழச்சவன், கண்ணுக்குத் தெரியாம ஆளை அடிக்கிறது கரண்டு ஒண்ணுதான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். நீ நம்புனாலும் சரி, நம்பாட்டியும் சரி, நடந்ததச் சொல்றேன்.

மதுரைக்கு கரண்டு வந்து கொஞ்ச வருசம்தான் இருக்கும். நானும் காதர் அண்ணனும் ஒண்ணாத்தான் வேலைக்குப் போவோம். அவரு வாய் நெறைய சோழவந்தான் வெத்தல, வெரலெல்லாம் செவப்பு. கம்பத்தடியில ஒரு இரும்புப் பெட்டி இருக்கும், அதுக்குள்ள மூணு பீங்கான் பீஸ் கட்டை. அதப் புடுங்கிட்டா மேல கம்பியில கரண்டு இருக்காது. புடுங்குன மூணையும் ஏறுற ஆளு மடியில கட்டிக்கிட்டுத்தான் ஏறணும், அப்பத்தான் வேற எவனும் எடுத்து மாட்ட முடியாது.

விளாங்குடியில ஒரு நாள் காலையில, நான் கட்டையப் புடுங்குறதுக்குள்ள அண்ணன் பாதிக் கம்பம் ஏறிட்டாரு. "உன் மடியிலயே கட்டிக்க மாப்ள, எறங்கி வரச் சோம்பலா இருக்கு"ன்னாரு. நான் பெட்டி மேலயே வச்சுட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். மெஷின் நின்னு போச்சுன்னு பக்கத்து அரிசி மில்லுல இருந்து ஓடியாந்த ஆளு, மூணையும் எடுத்து மாட்டிட்டான். நான் திரும்பி வாரேன், அண்ணன் கம்பியிலயே தொங்குறாரு.

விசாரணையில நான் என்ன சொன்னேன் தெரியுமா? கட்டைய அண்ணன் கையிலதான் குடுத்தேன், அவருதான் பெட்டி மேல வச்சுட்டு ஏறுனாருன்னு சொன்னேன். பாவி நான். செத்தவரு வந்து இல்லேன்னா சொல்லப் போறாரு? பழி அவரு தலையிலயே விழுந்துச்சு. அவரு பொஞ்சாதி மூஞ்சியில அதுக்கப்புறம் நான் முழிக்கவே இல்ல.

நாப்பது நாள் கழிஞ்சிருக்கும். பழங்காநத்தத்துல நல்ல உச்சி வெயிலு, நான் மட்டும்தான். மூணு கட்டையையும் புடுங்குனேன், மடியில கட்டுனேன், பெட்டியப் பூட்டுனேன், சாவி என் அருணாக்கயித்துல. மேல போயி கம்பியத் தொடக் கைய நீட்டுறேன், "மாப்ள, மடிய எண்ணிப் பாரு"ன்னு கீழ இருந்து குரலு. அண்ணன் குரலேதான். குனிஞ்சு பாத்தா ஒரு ஈ காக்கா இல்ல. மடியத் தடவி எண்ணுனேன். ரெண்டுதான் இருந்துச்சு.

எப்படி எறங்குனேன்னே தெரியல. பெட்டி பூட்டுனது பூட்டுனபடியே இருக்கு. தொறந்தா, மூணாவது கட்டை அது எடத்துல மாட்டியிருக்கு, நான் தொடப் போன கம்பிக்கு உள்ளது. வெள்ளைப் பீங்கான் மேல செக்கச்செவேல்னு ஒரு பெருவெரல் ரேகை, ஈரம்கூடக் காயல. எனக்கு வெத்தல போடுற பழக்கமே கெடையாது தம்பி.

அண்ணன் வந்து என்னையக் காப்பாத்திட்டாருன்னு கேட்டவங்க எல்லாம் சொன்னாங்க. நானும் தலையாட்டிக்கிட்டேன். நான் சொன்ன பொய் அவங்களுக்குத் தெரியாதுல்ல. கூப்புட்டது அவருதான், சத்தியமாச் சொல்றேன். ஆனா அந்தக் கட்டைய மாட்டுனதும் அவருதானே?