கோழியைக் கட்டிய நூல்

ஒரு வேளைச் சமையலை நான் ஒழுங்காகச் செய்து காட்டினேன். அதனால் என் மனைவி மஸ்கட்டுக்குப் போய்விட்டாள். இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நடந்தது அதுதான்.

எனக்கு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை. மெஷின் நின்றால் என்னைத் தேடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை நான் ஒருவன் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. அவள் நர்ஸ். ஊரிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் இருந்தாள். வருகிற நோயாளி தமிழா, கன்னடமா, தெலுங்கா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அந்தப் பேச்சில் விசாரிப்பாள். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அந்த நேரம் பார்த்து அவளுக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டில் வேலை பார்க்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்தைய ஆசை. முதலில் நான் குறுக்கே வந்தேன், அப்புறம் மகள் வந்தாள். ஆசை மட்டும் பீரோவில் பாஸ்போர்ட்டோடு பத்திரமாக இருந்திருக்கிறது.

அதே சமயத்தில் கம்பெனியில் எடுத்த மருத்துவப் பரிசோதனையில் எனக்குச் சர்க்கரை என்று வந்தது. நான் நம்பவில்லை. கேழ்வரகுக் களி சாப்பிடுகிறவனுக்குச் சர்க்கரை வராது என்று எங்கள் பக்கம் எல்லோரும் அடித்துச் சொல்வார்கள். நான் கை கொள்ளாத உருண்டையாகப் போட்டு, கட்டைவிரலால் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவன்.

"களியும் மாவுதாங்க. நீங்க துன்ற அளவுக்கு அது சோத்துக்கு அக்கா," என்றாள்.

அன்றோடு சோறும் போச்சு, களியும் போச்சு. கேன்டீனில் பேலியோ என்று சொல்லிக்கொண்டு வெறும் முட்டையும் பன்னீருமாகத் தின்கிறவர்களை நான் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. அந்த வாய்க்கு நல்ல தண்டனை.

எனக்குச் சர்க்கரை என்றதும் அவள் மனம் ஊசலாட ஆரம்பித்தது. "உங்கள இப்படி வுட்டுட்டு நான் எப்படிப் போறது? நீங்க பாட்டுக்கு ஓட்டல்ல புரோட்டா துன்னுக்கினு கெடப்பீங்க," என்றாள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தாள். சோறு இல்லாத ராத்திரிச் சாப்பாடு ஒன்றை யார் துணையும் இல்லாமல் நான் செய்து அவளுக்குப் பரிமாற வேண்டும். நன்றாக வந்தால் அவள் போவாள். வராவிட்டால் மஸ்கட் கிடக்கட்டும்.

அவள் தேர்ந்தெடுத்தது உள்ளே பூரணம் வைத்த கோழி. எதற்கு இவ்வளவு வேலை வைத்த சமையல் என்று கேட்டேன். "இத செஞ்சுட்டீங்கன்னா மத்ததெல்லாம் தன்னால வந்துரும். வயிறும் நெறையும், சோத்து ஞாபகமும் வராது," என்றாள். சோற்று ஞாபகம் அவ்வளவு சுலபமாகப் போகும் என்று நினைத்தாள், பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் நிற்கவைத்துச் செய்து காட்டினாள். எலும்பில்லாத நெஞ்சுக்கறி இரண்டு துண்டைப் பக்கவாட்டில் கீறிப் புத்தகம் போல விரித்தாள். உப்பும் மஞ்சளும் மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் தடவி ஊறவைத்தாள். பாலக்கீரையைப் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தண்ணீர் சுண்டும்வரை வதக்கினாள். "தண்ணி நின்னா உள்ள கொழகொழன்னு ஆயிடும்" என்று இரண்டு தடவை சொன்னாள். கீரை ஆறியதும் பன்னீரை உதிர்த்துப் போட்டுப் பிசைந்து, கறியின் மேல் பரப்பிப் பாய் மாதிரி சுருட்டினாள். சாமி படத்துக்குப் பூ கட்டுகிற நூல்கண்டை எடுத்து நாலு இடத்தில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நல்லெண்ணெயில் புரட்டிப் புரட்டிச் சிவக்கவைத்து, தீயைக் குறைத்து மூடிவிட்டாள். வெந்ததும் நூலை அறுத்து வட்டம் வட்டமாக வெட்டித் தட்டில் வைத்தாள். நான் எல்லாவற்றையும் கவனித்தேன். எந்த நூல் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவளுக்குப் பகல் டியூட்டி. பாகலூர் ரோட்டில் கோழிக்கடை வைத்திருக்கும் பாயிடம் போய், நெஞ்சுக்கறியைப் புத்தகம் மாதிரி விரித்துத் தரச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பிரியாணிக்கு இல்லீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை என்று அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

எங்கள் வேலையில் இருக்கிறவர்களின் சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, கேபிள் டை இருக்கும். வயர்களைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. ஒரு இழுப்பு இழுத்தால் பல் பிடித்து இறுகிக்கொள்ளும். எங்கள் வீட்டு வாளிப் பிடி, துணிக்கொடி, கேட், பைக்கின் மட்கார்டு எல்லாமே அதில்தான் நிற்கின்றன. கோழியைச் சுருட்டி முடித்ததும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. நல்ல டையாகப் பார்த்து சுருளுக்கு நாலு போட்டு, நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கட்டரால் நறுக்கினேன். அது எவ்வளவு இழுப்புக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மெஷின் பேனலுக்குள் இருக்கிற சூட்டைத் தாங்கும் என்றும் தெரியும். வாணலியின் சூடு எனக்கு அதுவரை பழக்கமில்லை.

அவள் டியூட்டி முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்னங்க, வயரு கியரு எரியுதா?" என்றாள். நான் மூடியைத் திறந்தேன். டை எல்லாம் இளகிச் சுருண்டு, கோழி வாய் திறந்து, பன்னீரும் கீரையும் எண்ணெயில் மிதந்துகொண்டிருந்தன. அவள் இடுக்கியால் ஒரு டையைத் தூக்கிப் பார்த்தாள்.

"கோழியா, கரண்ட் பேனலா?" என்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வேணும்னே பண்ணீங்களா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அப்படி ஒன்று செய்யலாம் என்றே எனக்கு அதுவரை தோன்றியிருக்கவில்லை. "ஆமா, பிளாஸ்டிக்க வேக வெச்சு உன்ன நிறுத்தலாம்னு திட்டம் போட்டேன்" என்று கத்திவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். கீழே வந்தபோது கோழியைக் கொட்டிவிட்டு எனக்கு முட்டை பொரித்து வைத்திருந்தாள். "நான் போவல. வரலன்னு சொல்லிடறேன்," என்றாள்.

சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று அந்த முட்டை எனக்கு விருந்தாக இருந்தது.

மஸ்கட் வேலை வந்ததிலிருந்து அவள் செல்போனை வைத்துக்கொண்டு அரபி கற்றுக்கொண்டிருந்தாள். வலி எங்கே இருக்கிறது என்று கேட்பதுதான் நர்சுக்கு முதல் பாடம் போலிருக்கிறது. வெங்காயம் உரித்தபடி, துணி மடித்தபடி, என்னைப் பார்த்து அதையே கேட்பாள். எனக்குத் தெரிந்த ஒரே அரபி வாக்கியம் அது. நான் ஒவ்வொரு தடவையும் "முட்டியில" என்பேன். அவள் பொய்யாக முட்டியைத் தட்டிப் பார்ப்பாள். முட்டை சாப்பிட்ட ராத்திரிக்குப் பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை, என்னைக் குத்திப் பேசவும் இல்லை. காய் நறுக்கினாள், கத்திச் சத்தம் மட்டும் கேட்டது. போகவில்லை என்று இன்னும் தகவல் அனுப்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டு நாள் பொறுத்தேன், மூன்றாம் நாள் எனக்கே தாங்கவில்லை.

பாயிடம் போனேன். இந்தத் தடவை அவர் ஒன்றும் கேட்காமல் விரித்துக் கொடுத்தார். கீரையைத் தண்ணீர் சுண்ட வதக்கினேன். சாமி அலமாரியிலிருந்து நூல்கண்டை எடுத்தேன். அவள் முன்னறையில் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்போது உப்பு டப்பா என் கையில் இருந்தது. 'வேணும்னே பண்ணீங்களா' என்று அவள் கேட்ட கேள்வி அந்த நேரத்தில்தான் எனக்குள் வேலை செய்தது. இன்னும் ஒரு கை அள்ளிப் போட்டால் போதும், அவள் எங்கேயும் போக மாட்டாள். இந்த முறை கேட்டால் நான் கோபப்படக்கூட முடியாது. டப்பாவை மூடி எட்டாத தட்டில் வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.

வட்டமாக வெட்டியபோது நடுவில் பச்சையும் வெள்ளையுமாக ஒன்றுகூடக் கலையாமல் நின்றது. அவள் ஒரு துண்டு சாப்பிட்டாள். இன்னொன்று எடுத்தாள். மூன்றாவது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னதவிட நல்லா வந்திருக்குதுங்க," என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாராட்டியதில் எனக்குப் பெருமை பொங்கியது. அது எதற்கான பாராட்டு என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. அப்புறம் என்னால் சாப்பிட முடியவில்லை.

பாகலூர் வழியாக மாநில எல்லை தாண்டி விமான நிலையம் போனோம். அவள் பெட்டியின் ஜிப்புகளை நான் கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தேன். மஸ்கட்டில் இறங்கியதும் முதல் போன் அதற்குத்தான். கத்தரிக்கோல் கிடைக்காமல், மாற்றுத்துணி எடுக்க வழியில்லாமல், அறைத்தோழிகளிடம் கேட்டுத் திரிந்திருக்கிறாள். திட்டினாள். அந்தத் திட்டு எனக்கு வேண்டியிருந்தது.

ஞாயிறு மாலை ஆனால் கோழி செய்கிறேன். போனைப் புளி ஜாடியில் சாய்த்து வைத்தால் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். விரித்த கறி இரண்டாகத்தான் வரும், அவள் காட்டியதும் இரண்டு. அதனால் இன்றும் இரண்டாகவே சுருட்டுகிறேன். ஒன்று எனக்கு. இன்னொன்று எதிர்த் தட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மறுநாள் டிபன் பாக்ஸுக்குப் போகும். கம்பெனியில் கேட்பவர்களுக்கு ஒரு துண்டு கொடுக்கிறேன். நூல்கண்டு அவள் பூ கட்டியது போக மீதி, மெலிந்துகொண்டே வருகிறது. புதுக்கண்டு வாங்கக் கால் போகவில்லை.

போன ஞாயிறு நூலை அறுக்கும்போது அவள் சொன்னாள், ஒப்பந்தம் முடியப் போகிறது, இன்னும் ஒரு தடவை நீட்டிக்கக் கேட்கிறார்களாம். "உங்க சுகரும் கொறஞ்சிருச்சு. சமையலும் நல்லா வருது. நான் இல்லன்னாலும் நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. என்னங்க சொல்லட்டும்?"

கத்தியைக் கீழே வைத்தேன். "சமைக்கக் கத்துக்குடுத்த. தனியா உக்காந்து துன்றதுக்குக் கத்துக்குடுக்கலியே," என்றேன்.

அங்கே ஏதோ ஒரு வண்டி போகும் சத்தம் கேட்டது. போனில் படம் உறைந்துவிட்டதோ என்று குனிந்து பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக அரபியில் கேட்டாள், வலி எங்கே இருக்கிறது என்று.

நான் முட்டியில் என்று சொல்லவில்லை. "வந்துடு," என்றேன்.