தூக்கும் லிப்ட், தாங்கும் லிப்ட்

மேற்குத்தொடர்ச்சி மலையையே ஒற்றைக் கையால் தூக்கி நிறுத்தக்கூடியவர் எங்கள் அப்பா ராக்கப்பன். என்ன, அதற்கு முன்னால் அது நிஜ மலைதானா, அட்டையில் செய்து பெயிண்ட் அடித்ததா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். இராஜபாளையத்தில் சந்தேகப்படுவதற்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டுக் கார் ரிப்பேர் செய்துவந்தார். தொண்ணூற்று மூன்றில் ஜாக்கி நழுவி, ஒரு அம்பாசடர் அவர் தோள்மேல் இறங்கியது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் அதற்குப் பிறகு எந்த வண்டிக்கு அடியிலும் அவர் போகவில்லை. வந்த வண்டிகள் அடுத்த தெருவுக்குப் போயின. வண்டியைத் தூக்கி நிறுத்தும் லிப்ட் வாங்கினால்தான் இனித் தொழில் என்றானது.

“மாடியே இல்லாத வீட்டுக்கு லிப்ட் எதுக்குட்டி?” என்று பக்கத்து வீட்டு மாரியாத்தாள் கேட்டாள்.

“மாடி பொறவு வருது, அக்கா. மொதல்ல ஏறிப் பழகணும்லா” என்றேன். நம்பிவிட்டாள்.

ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள் என்று லிப்ட் பார்க்க அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

புரோக்கர் பால்ச்சாமி காட்டிய லிப்ட் பளபளவென்று இருந்தது.

“மூணு டன் தூக்கும், அண்ணாச்சி.”

“தூக்கும். தாங்குமா?”

“அதான் தூக்கும்ங்கேன்லா!”

“தூக்குதது வேற, தாங்குதது வேற. மேல காரை நிறுத்திட்டு, அடியில நீரு செத்த நேரம் நில்லும்.”

பால்ச்சாமிக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இடுப்புக்கு நிக்கதுதான் நல்லது, அண்ணாச்சி” என்றேன். அவர் என்னை முறைத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒர்க்‌ஷாப்பை மூடப்போகிற கண்ணபிரானிடம் இருந்தது பெயிண்ட் உரிந்த லிப்ட். முனகிக்கொண்டே ஏறியது.

“ரெண்டு டன்னுக்கு மேல ஏத்தாதீங்க. டக்குனு பூட்டு விழுந்தாத்தான் அடியில போகணும். விழுந்துட்டா, மோட்டார் செத்தாலும் தாங்கும்” என்றவர், காருக்கு அடியில் நின்றே காப்பி குடித்தார்.

“கொறையெல்லாம் அவரே சொல்லுதாரே, என்ன சூதுன்னு தெரியலையே” என்று வழியெல்லாம் அப்பா புலம்பினார். ஆனாலும் அதைத்தான் வாங்கினார்.

ஷெட்டில் பொருத்தி, கந்தக நாற்றத்தோடு கியர் ஆயில் ஒழுகுகிற ஒரு அம்பாசடரை ஏற்றினார். டக்கென்று பூட்டு விழுந்தது. தூணில் சாக்பீஸ் கோடு போட்டு, வண்டி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கோடு அப்படியே இருந்தது. அவரும் வெளியிலேயே இருந்தார்.

“கும்பாபிஷேகத்துக்கு நாள் பாக்கீயளா, அப்பா?” என்று சீண்டினேன்.

மறுநாள் அவர் முடிவெட்டிக்கொண்டு திரும்பியபோது வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

“அந்த ஓட்டை லிப்டை நம்பி எவன் அடியில போவான்?” என்றேன்.

அவர் என் உச்சந்தலையைத் தொட்டு, விரலை மூக்கருகில் கொண்டுபோனார்.

“தேங்காயெண்ணெப்பா.”

“தேங்காயெண்ணெ கந்தகமா நாறுமா?”

மொச்சையை வேகவேகமாக உரித்தேன். அப்பா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நடந்தார். குனியாமல், நிற்காமல் வண்டிக்கு அடியில் போனார். அங்கிருந்து குரல் வந்தது:

“ஏட்டி, இங்க எம்புட்டு நேரம் நின்ன?”